நுணாவுக்கு வராத காய்ச்சல்

மூங்கில் காட்டுக் குளக்கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. அந்தக் கோடையில் கூட்டத்துக்குள் ஒரு காய்ச்சல் புகுந்தது. மூக்கு ஒழுகியது, கால்கள் தள்ளாடின. ஒன்றன்பின் ஒன்றாக மான்கள் படுத்துவிட்டன.

நுணா என்ற பெண்மான் மட்டும் படுக்கவில்லை. அது நோயாளிகளுக்கு நடுவேதான் திரிந்தது. எழ முடியாத மான்களுக்கு இளந்தழை கவ்விக் கொண்டுவந்து போட்டது. ஒழுகிய மூக்குகளை நக்கித் துடைத்தது. அதற்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஆவாரை என்ற மான் இதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் குட்டி பக்கத்தில் மூச்சுத் திணறிக் கிடந்தது. நுணாவின் குட்டியோ தண்ணீரோரம் துள்ளி விளையாடியது. ஆவாரைக்கு வயிறு எரிந்தது.

"நீ என்ன தின்கிறாய், நுணா? மறைக்காமல் சொல்."

"நீங்கள் தின்கிற புல்லைத்தான் அக்கா."

"அப்படியானால் உனக்கு மட்டும் ஏன் வரவில்லை?"

"என் அம்மாவுக்கும் இந்தக் காய்ச்சல் வந்ததில்லை. பிறவியிலேயே அப்படி. நம்மில் யாருக்காவது புள்ளிகள் ஒன்றுபோல இருக்கின்றனவா? உடம்புக்குள்ளும் அப்படித்தான். நோய் உள்ளே நுழைய ஒரு வழி வேண்டும். என் உடம்பில் அந்த வழி அடைத்திருக்கிறது போல."

ஆவாரை நம்பவில்லை. காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் நுணாவைப் பின்தொடர்ந்தது. நுணா உடம்பை உரசிய மரத்தின் பட்டையைக் கடித்தது. கசப்பு நாக்கைச் சுருட்டியது. அதையே மென்று குட்டியின் வாயிலும் வைத்தது.

குட்டி பிழைக்கவில்லை.

அதன் பக்கத்திலேயே ஆவாரை நெடுநேரம் நின்றது. நுணா வந்து கழுத்தோடு கழுத்து வைத்து ஆறுதல் சொன்னபோது, ஆவாரைக்கு நுணாவின் பின்னால் நின்ற உயிருள்ள குட்டிதான் தெரிந்தது. ஆவாரை நேராகக் கூட்டத்தின் தலைவனான கிளைக்கொம்பு மானிடம் போனது.

"நுணா மருந்தை ஒளித்து வைத்திருக்கிறாள். நாம் சாவதை வேடிக்கை பார்க்கிறாள்."

குட்டியைப் பறிகொடுத்த தாயின் பேச்சை யார் சந்தேகிப்பார்கள்? கூட்டம் நுணாவைத் துரத்திவிட்டது. அது தன் குட்டியோடு ஓடையைக் கடந்து போனது. அதன்பின் படுத்துக் கிடந்த மான்களுக்குத் தழை கொண்டுவர யாருமில்லை. பிழைத்து எழுந்திருக்கக்கூடிய இரண்டு மான்கள் பசியிலேயே செத்தன.

சில நாளில் மழை இறங்கியது. மழையோடு ஈக்கள் வந்தன. ஈ கடித்த மான்களுக்குக் குளம்பு வீங்கியது, நாக்கு புண்ணானது. இது புது நோய். கூட்டமே நொண்டியது. ஆவாரையையும் ஈக்கள் கடித்தன. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"எந்த மருந்தை ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கிளைக்கொம்பு கேட்டது.

ஆவாரை சுற்றி நின்ற கண்களைப் பார்த்தது. நுணாவைப் பார்த்தபோது தன் கண்ணில் இருந்த அதே பொறாமை அவற்றில் இருந்தது. அது ஓடையை நோக்கி நடந்தது.

அக்கரைப் புதருக்குள் நுணா வீங்கிய குளம்புகளோடு கிடந்தது. நோயில் அதன் பால் வற்றியிருந்தது. குட்டி வெறும் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

ஆவாரை இளந்தழை கொண்டுவந்து வைத்தது. பிறகு தலையைத் தாழ்த்திச் சொன்னது.

"நீ மருந்தை ஒளித்தாய் என்று சொன்னது நான்தான்."

"தெரியும்."

"பழி சொல்லி உன்னை விரட்டிய பாவி நான். இந்தத் தழையை நீ தின்னாவிட்டாலும் சரிதான்."

நுணா தழையைத் தொடவில்லை. தன் குட்டியைப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு இன்னும் பால் இருக்கிறதா?"

குட்டி போனபின்னும் ஆவாரையின் மடி கனத்துத்தான் இருந்தது. அது குட்டியின் அருகில் போய் நின்றது. குட்டி முதலில் மிரண்டது. தாயைத் திரும்பிப் பார்த்தது. பிறகு முட்டிக் குடிக்கத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் நுணா தழையில் வாய் வைத்தது.

பிறவியில் ஒருவர் உடலுக்கு வாய்த்த நலத்தைக் கண்டு பொறாமைப்படுகிறவர், தமக்கு வரவேண்டிய உதவியைத் தாமே துரத்திவிடுகிறார்.