எந்தக் கை

"பொய்ச் சத்தியம் பண்ணினா முனியப்பன் என்ன செய்வார், சாமி?"

மாதேசன் நின்றபடியே கேட்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சாமியம்மா புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவனைவிடப் பத்து வயது இளையவள். நெடுஞ்சாலைக்காரர்கள் கைவிட்டுப் போன சுங்கச்சாவடி அறைதான் அவள் இருப்பிடம். காவி கிடையாது. கூலிக்குப் புளி தட்டுவாள். கேள்வியோடு வருகிறவர்களுக்குச் சில நாள் பதில் சொல்வாள்.

"யாரு பண்ணப்போறது?"

"நான்தான்."

"சொல்லு."

சொன்னான்.

அந்த மாநிலத்தில் கட்சி என்றால் கட்சி. எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. மாதேசனுக்குக் கல்யாணம் ஆனபோது அதுதான் ஆண்டது. அவன் மகளுக்குக் கல்யாணம் ஆனபோதும் அதுதான்.

அவர்கள் தெருவின் வாக்குச்சாவடியில் இந்த முறை அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. கட்சிக்கு அறுநூற்று ஒன்று. எதிர்த்து நின்ற சைக்கிள் கடைக்காரனுக்குப் பதினொன்று.

அந்தப் பதினொரு பேர் யார் என்று கட்சி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவே முனியப்பன் கோயிலுக்கு வர வேண்டும். 'கட்சிக்குத்தான் போட்டேன்' என்று சொல்லி, ஒவ்வொருவரும் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். கிளைச் செயலாளர் வேடியப்பன் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அதுல ஒண்ணு உன்னுதா?"

மாதேசன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஆமா சாமி."

"சைக்கிள் கடைக்காரன் ஜெயிப்பான்னு நினைச்சியா?"

"அவனே நினைக்கலை. டெபாசிட் போகும்னு தெரிஞ்சுதான் நின்னான்."

"பின்னே?"

"நான் தண்ணித் தொட்டி ஆபரேட்டர், சாமி. எங்க தொட்டிக்கு மூணு தடவை திறப்பு விழா நடந்துச்சு. ஒன்பது வருஷமா தினம் காலைல போய் வால்வைத் திறக்கிறேன். உஸ்ஸுன்னு காத்து வரும். சாயங்காலம் போய் மூடுறேன். திறந்தேன், மூடினேன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்தும் போடுறேன். அன்னிக்கு அந்த மெஷின் முன்னாடி நின்னப்போ, ஒரே ஒரு தடவை வேற பட்டனை அமுக்கிப் பார்ப்போமேன்னு தோணிச்சு."

"அமுக்கினே."

"பீப்னு ஒரு சத்தம். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்னு நினைச்சேன். இன்னும் காதை விட்டுப் போகலை."

சாமியம்மா ஒரு கொட்டையை எடுத்துத் தூர எறிந்தாள்.

"சத்தியம் பண்ணலைன்னா?"

"போன தேர்தல்ல டீக்கடைக்காரர் ஒருத்தர் கொஞ்சம் வாயை விட்டுட்டார். அவர் கடை இருந்த இடத்துல இப்போ கட்சிக் கொடிக்கம்பம் இருக்கு. அவர் எங்கேன்னு யாரும் கேக்கிறதில்லை. நானும் கேக்கலை."

"பண்ணினா?"

மாதேசன் குரலைத் தாழ்த்தினான்.

"என் மக கோகிலாவுக்கு ஒன்பதாவது மாசம், சாமி. முனியப்பன் பொய் சொன்னவனைத் தொடமாட்டார். அவன் பிள்ளையைத்தான்…"

மாதேசன் ஓரடி முன்னால் வந்தான்.

"பண்ணட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமியம்மா எதிரில் இருந்த தட்டைக் கவிழ்த்துக் கொட்டைகளைக் கொட்டினாள். மாடத்திலிருந்து ஒரு கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அணை."

மாதேசன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது.

"கை நடுங்குது சாமி."

"எந்தக் கை?"

"இதுதான். வலது கை."

"எந்தக் கை?"

அவன் தன் கையையே பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான். புறங்கையைப் பார்த்தான். இடது கையையும் பார்த்தான். அதன் விரல்நகத்தில் ஓட்டுப்போட்ட மை இன்னும் போகவில்லை.

அதற்குள் கற்பூரம் எரிந்து தீர்ந்துவிட்டது.

"அணைஞ்சிருச்சு. போ" என்றாள். தட்டில் மறுபடியும் புளியை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து ரேஷன் கடை வரை வரிசை நின்றது. வேப்பமரத்தடியில் கட்சிக் கொடி கட்டிய ஒரு வெள்ளைக் கார். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

மாதேசனுக்குப் பின்னால் ராஜகுமாரி நின்றாள். இட்லிக் கடை வைத்திருப்பவள்.

"உனக்கு ஓட்டே இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்களே அக்கா?"

"செத்துப்போனதா எழுதிட்டாங்கப்பா."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"செத்தவ எதுக்கு வரலைன்னு கேட்டுட்டா? அணைச்சிட்டுப் போயிர்றேன். எதுக்கு வம்பு."

முன்னால் நின்ற ஒருவன் சிரித்தான். சிரித்த பிறகு காரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் பட்டென்று ஒரு சத்தம். உள்ளங்கையில் கரியோடு ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். மாதேசன் தன் கையைப் பார்த்தபடியே நகர்ந்தான். அது நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

அவன் முறை வந்தது.

வெள்ளைச் சட்டையில் வேடியப்பன் நின்றார். தட்டில் புதுக் கற்பூரம் வைத்துப் பூசாரி கொளுத்தினார். கொளுத்தும்போது முகத்தைச் சுளித்தார்.

அப்போதுதான் மாதேசன் கவனித்தான். வேடியப்பன் தட்டை இடது கையில் பிடித்திருந்தார்.

சாமி சன்னிதியில் கற்பூரத் தட்டை யாரும் இடது கையில் பிடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகூடப் பிடிக்காது. வேடியப்பன் வருஷா வருஷம் மாலை போடுகிறவர்.

"சொல்லுங்க மாதேசா. கட்சிக்குத்தான் போட்டேன்னு சொல்லி அணைங்க."

மாதேசன் கையைத் தூக்கினான்.

தட்டு ஆடியது. கற்பூரம் விளிம்புக்குச் சறுக்கியது. அது விழாமலிருக்க, துண்டுக்குள் மறைந்திருந்த வேடியப்பனின் வலது கை சட்டென்று வெளியே வந்து தட்டைத் தாங்கியது.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உடைந்த கொப்புளங்களின் மேல் மஞ்சளாக மருந்து. மருந்தைச் சுற்றிக் கழுவியும் போகாத கரி.

வேடியப்பன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

தட்டு மறுபடியும் ஆடத் தொடங்கியது. மாதேசன் தூக்கிய தன் கையைப் பார்த்தான். அது அசையாமல் நின்றது.

"உங்களுக்கு யாருங்க தட்டுப் பிடிச்சது?" என்று மெதுவாகக் கேட்டான்.

வேடியப்பனின் கண் வேப்பமரத்துப் பக்கம் போய்த் திரும்பியது.

"பதினொரு தடவை. ஓட்டுக்கு ஒண்ணு" என்றார். உதடு அசையவில்லை. "அணைச்சிருங்கண்ணா."

அவர் அவனை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

மாதேசன் கையைக் கீழே இறக்கினான்.

கற்பூரம் எரிந்தது. பூசாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜகுமாரி மூச்சு விடுவது மாதேசனின் பிடரியில் பட்டது.

சுடர் சிறுத்தது. நீலமானது. தட்டில் ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சியது.

கார்க் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது.

"என்னய்யா அங்கே? அணைச்சானா?"

வேடியப்பன் தட்டைப் பார்த்தார். மாதேசனின் கையைப் பார்த்தார். அதில் கரி இல்லை.

"அணைஞ்சிருச்சுங்க" என்றார்.