கேள்வி இல்லாத பேட்டி

டி.வி.யில் முப்பது வருஷமாக அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்டே பிழைத்தவர் தில்லைநாயகி. அவரிடமே வந்து ஒரு நிபந்தனை போட்டார் அமைச்சர் கோட்டைச்சாமி.

"தேர்தல் வருது. நேரலையில அரை மணி நேரம் நான் என் சாதனையைச் சொல்லணும். ஆனா நீங்க ஒரு கேள்விகூடக் கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து உங்க சேனல் எந்த வீட்டு கேபிள்லயும் தெரியாது!"

சேனல் முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. தில்லைநாயகி மட்டும் சிரித்தார். "அப்படியே ஆகட்டுங்கய்யா."

நேரலை தொடங்கியது. தில்லைநாயகி வணக்கம் சொன்னார்; அத்தோடு சரி. அமைச்சர் மூச்சுவிடாமல் சாதனைகளை அடுக்கினார். பத்தே நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. கேமராவோ அவர் முகத்தை விட்டு நகரவில்லை. தில்லைநாயகி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமைச்சர் செருமினார். தண்ணீர் குடித்தார். தோளில் கிடந்த துண்டை மூன்று தடவை சரிசெய்தார். ஐந்து நிமிஷத்துக்குமேல் தாங்கவில்லை.

"என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? ஏரி நிலம் என் மச்சான் பேர்ல இருந்தா அதுக்கு நானா பொறுப்பு? பட்டா மாத்தச் சொன்னது மட்டும்தான் நான்!"

கேமராமேன் வாயைப் பொத்திக்கொண்டார். அமைச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்று கத்தினார்: "ஏரியைப் பத்திக் கேக்கச் சொல்லி உங்களைத் தூண்டிவிட்டது யாரு?"

"ஐயா, நான் இன்னும் வணக்கத்தையே தாண்டலை," என்றார் தில்லைநாயகி. "உக்காருங்க, இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."