செத்த மண்ணுக்குக் கொள்ளி

மல்லிவனத்து அரசர் வீரமல்லையருக்குக் கண்பார்வை கூர்மைதான். ஆனால் எதையும் பிரதானி அனந்தப்பர் சொன்ன பிறகுதான் பார்ப்பார்.

ஒருநாள் பிரதானி அரசர் காதில் ஓதினார். "பிரபு, கீழைப் புலம் செத்த மண். போட்ட விதைகூடத் திரும்பி வராது. குடியானவர்களைக் கிளப்பிவிட்டு என் மைத்துனருக்குக் கொடுங்கள். அழகாக ஒரு மாளிகை கட்டுவார்."

சேதி கேட்டுக் குடியானவர்கள் சபைக்கு ஓடிவந்தார்கள். பேச்சி என்கிற உழவுக்காரி, "இந்த மண்ணை விட்டா நாங்க எங்க போவோம் சாமி?" என்று அழுதாள். அரசர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார்.

வாய்த்துடுக்குக்குப் பேர்போன அரசவை விகடகவி சடையாண்டி எழுந்தான்.

"செத்தது செத்ததாகவே இருக்கட்டும் பிரபு. ஆனால் கொள்ளி வைக்காமல் சொத்தைக் கைமாற்றுவார்களா? ஒரு போகம் அவகாசம் கொடுங்கள். அந்த மண்ணுக்கு நான் கொள்ளி வைக்கிறேன். விளையாவிட்டால் அப்புறம் மைத்துனர் வரட்டும்."

பிரதானி குறுக்கே பாய்ந்தார். "வெளியூர் மண் வரக்கூடாது. புது வாய்க்கால் வெட்டக்கூடாது. விளையாவிட்டால் இவனும் அவர்களோடு ஊரைவிட்டுப் போகவேண்டும்!"

"சரி. நெருப்புக் கொண்டுபோகலாமா?"

"வண்டி வண்டியாகக் கொண்டுபோ!"

சபையே சிரித்தது. அரசரும் சம்மதம் என்று தலையாட்டினார்.

பழைய கரிமூட்டம் போட்ட இடத்தில் மட்டும் கோடையிலும் புல் தழைத்திருந்ததைச் சடையாண்டி முன்பே காட்டுப்பக்கத்தில் கவனித்திருந்தான். கம்பந்தட்டை, முள், உமி எல்லாவற்றையும் குழியில் அடுக்கித் தீ மூட்டி, மேலே மண் போட்டு மூடச் சொன்னான். காற்றில்லாமல் புகைந்து எல்லாம் கரியானது. அதைத் தண்ணீர் விட்டு அணைத்து, நொறுக்கி, சாணத்திலும் கோமியத்திலும் ஊறவைத்து, பாதி நிலத்தில் போட்டு உழுதார்கள்.

"கரியைப் புதைச்சா என்ன சாமி வரும்?" என்றாள் பேச்சி.

"கரி பஞ்சு மாதிரி. தண்ணியையும் சத்தையும் குடிச்சு வச்சுக்கிட்டு வேருக்குக் கொடுக்கும். பிரதானியார் மாதிரி தானே முழுங்கிடாது."

"மறுபாதி?"

"அதுல பழையபடியே விதைங்க. அவர் பேச்சையும் கொஞ்சம் காப்பாத்தணுமே!"

"ராஜாவின் நிலத்துக்குக் கரி பூசுகிறான்!" என்று பிரதானி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த ஆண்டு மழை பாதியில் ஏமாற்றியது. அறுவடைக்கு அரசர் வந்தார். ஒரு பாதியில் கம்பு காய்ந்து சருகாய் நின்றது. கரி போட்ட பாதியில் கம்பு ஆளுயரம் வளர்ந்து, கதிர் கனத்துத் தலை சாய்த்திருந்தது.

"மந்திரம்! சூனியம்!" என்று கத்தினார் பிரதானி. "கரியால்தான் விளைந்தது என்பதற்கு என்ன சாட்சி?"

சடையாண்டி குனிந்து ஒரு பிடி கறுப்பு மண்ணை அள்ளி நீட்டினான். "கரிதான் சாட்சி. பழந்தமிழில் கரி என்றாலே சாட்சிதானே, பிரபு!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நிலம் குடியானவர்களுக்கே! மறுபாதியிலும் கரியைப் போடுங்கள். சடையாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"கொஞ்சம் கரி மிச்சமிருக்கிறது பிரபு. அதைப் பிரதானியார் தலைக்குள் போட்டு உழ உத்தரவு கொடுங்கள். அங்கே இருப்பதும் மண்தான். இதுவரை ஒன்றும் முளைத்ததாகத் தெரியவில்லை!"