வாய்க்கட்டும் மரகதப் பதக்கமும்

முன்னொரு காலத்தில் குன்றத்துநாட்டை ஏகவீரன் என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம். இதைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தவர் அரண்மனை ரத்தினப் பரிசோதகர் கனகசபேசர். மந்திரி திருமேனி பேசி முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் தொண்டையைக் கனைப்பார். மந்திரிக்கு ராஜா ஒரு வெற்றிலை கொடுத்தால்கூட இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் ராஜா தன் குலதெய்வமான மலையம்மனுக்கு ஒரு மரகதப் பதக்கம் செய்துபோட்டார். கல்லைத் தேர்ந்துகொடுத்தவர் கனகசபேசர். "உள்ளே ஒரு கீறல் கிடையாது மகாராஜா. மலை பெற்றபடியே இருக்கிறது, மனிதக் கை படாத கல்" என்றார். அதே தாய்க்கல்லில் வெட்டிய துண்டு என்று தன் மோதிரத்தையும் சபை முழுக்கக் காட்டினார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அம்மன் நகைகளைக் கழுவுவது வழக்கம். இருபது வருஷமாக அதைச் செய்பவள் இருளாயி. எச்சில் தெறித்துவிடக் கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உட்காருவாள். எல்லா நகையும் அம்மன் கழுத்துக்குத் திரும்பும் வரை கட்டை அவிழ்க்கக் கூடாது. பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் மாணிக்கத்தைக் கழுவினாள், பளிச்சென்றது. வைரத்தைக் கழுவினாள், கண்ணைப் பறித்தது. மரகதத்தைக் கழுவினாள். பச்சை வெளிறி, கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக வெடிப்புகள் தெரிந்தன.

வாய்க்கட்டோடு அவளைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடைத்துவிட்டாள், மகாராஜா" என்றார் கனகசபேசர். "தெய்வச் சொத்து."

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சாயங்கால பூஜைக்கு முன்னால் இவள் வலது கையை வெட்டுங்கள்."

மந்திரி எழுந்தார். "மகாராஜா, அவள் வாய்க்கட்டை அவிழ்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே."

"நகை கழுவல் இன்னும் முடியவில்லையே. வழக்கத்தை மீறினால் அம்மன் பொறுப்பாளா?" என்றார் கனகசபேசர். அவர்தானே கடைசியாகப் பேசினார்? ராஜா தலையாட்டிவிட்டார்.

நியாயத்தைக் கேளுங்கள். கையை வெட்ட வழக்கம் குறுக்கே வரவில்லையாம், வாயைத் திறக்கத்தான் குறுக்கே வந்ததாம். சபையில் அத்தனை பட்டும் ஜரிகையும் உட்கார்ந்திருந்தன. மந்திரியைத் தவிர ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வாயை யாரும் கட்டவும் இல்லை.

மந்திரி இருளாயியின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. "மகாராஜா, சாயங்கால பூஜைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னச் சோதனை" என்றார்.

மந்திரி சொன்னபடி, துணி மூடிய ஒரு செப்பு அண்டாவைச் சபை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"பரிசோதகரே, உங்கள் மோதிரக் கல்லும் அந்தக் கல்லும் ஒரே தாய்க்கல் என்றீர்களே?"

"ஆமாம், அதில் என்ன சந்தேகம்?"

"இருளாயி எந்தச் சூட்டில் கழுவினாளோ அந்தச் சூடு. அதே பூந்திக்கொட்டை. அவள் கை பொறுத்த தண்ணீரை உங்கள் கையும் பொறுக்கும். மோதிரக் கையைக் கொஞ்ச நேரம் உள்ளே வையுங்கள். உங்கள் கல் பச்சையாகவே வெளியே வந்தால், அவள்தான் ஏதோ அக்கிரமம் செய்திருக்கிறாள் என்று நானே ஒத்துக்கொள்கிறேன்."

கனகசபேசர் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு ஜலதோஷம்."

"கைக்கா?" என்றார் மந்திரி.

சபையில் யாரோ சிரித்தார்கள். ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வையும் ஓய்."

இரண்டு காவலர்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்து அண்டாப் பக்கம் இழுத்தார்கள். துணியைத் தொடப் போகும் சமயத்தில் கனகசபேசர் அலறிவிட்டார்: "விடுங்கய்யா, என் மோதிரம் பாழாயிடும். சுடுதண்ணியும் பூந்திக்கொட்டையும் பட்டால் ஊட்டின எண்ணெய் அத்தனையும் வெளியே வந்துடும்!"



"என்ன எண்ணெய்?" என்றார் ராஜா.

மந்திரி அண்டாவின் துணியை எடுத்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காய்ந்து கிடந்தது.

"மகாராஜா, மரகதத்தில் பிறவியிலேயே வெடிப்பு இருக்கும். அதற்குள் தேவதாரு எண்ணெயை ஊட்டினால் வெடிப்பு மறைந்து பச்சை கூடும். மாணிக்கத்தை நெருப்பில் வாட்டி நிறம் ஏற்றுகிறார்கள். அந்த நிறம் வெந்நீருக்குப் போகாது. இதெல்லாம் ரத்தினக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், தப்பில்லை. எண்ணெய்க் கல்லை வெந்நீர் காட்டாமல், வெயிலில் வைக்காமல், ஈரத் துணியால் துடைத்து வைத்தால் நெடுநாள் இருக்கும். எண்ணெய் காய்ந்தால் மறுபடி ஊட்டலாம். செய்ததைச் சொல்லாமல் மறைத்தாரே, அதுதான் அயோக்கியத்தனம். ஒரு பொம்பளை கையையே வெட்டக் கொடுக்கத் துணிந்தார் பாருங்கள்."

"இவன் கையை வெட்டுங்கள்" என்று ராஜா எழுந்தார்.

"வேண்டாம் மகாராஜா. அந்தக் கைக்கு வேலை இருக்கிறது. இவர் தேர்ந்துகொடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் என்ன செய்தார், அதை எப்படித் துடைக்க வேண்டும் என்று ஓலையில் எழுதி, வீடு வீடாகப் போய் வாசலில் நின்று உரக்கப் படிக்கட்டும்."

அன்று சாயங்காலத்துக்குள் மரகதம் எண்ணெய் குடித்துப் பச்சையாகி அம்மன் கழுத்தில் ஏறியது. மந்திரி இருளாயியின் வாய்க்கட்டை அவிழ்த்தார். ராஜா ஒரு தட்டு நிறையப் பொன் நீட்டினார். அவள் தட்டைத் தொடவில்லை.

"புதுக் கல்லு வந்த அன்னிக்கே பரிசோதகருகிட்டக் கேட்டேன் சாமி. இத எப்படிக் கழுவணும்னு. எப்பவும் போலக் கழுவுடின்னாரு. இத ஒரு வார்த்தையில சொல்லியிருப்பேன். என் வாயில கெடந்தது ரெண்டு வெரலு அகலத் துணி. அத அவுக்க ஒருத்தரு கேட்டாரு. நீங்க வேணாம்னுட்டீங்க."

ராஜா தலை குனிந்தார். அதற்குமேல் யாரும் கடைசியாகப் பேச வரவில்லை. அவர் கையை நீட்டி அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் குன்றத்துநாட்டில் வழக்கு என்று வந்தால், முதலில் அந்தத் துணி ராஜாவின் வாயில் ஏறும். குற்றம் சாட்டப்பட்டவர் பேசி முடித்த பிறகுதான் இறங்கும்.