தரையில் எதுவும் வைக்காத வீடு

எத்தனையோ ராஜாக்கள் ஆண்டார்கள், போனார்கள். வில்வபுரிச் சீமையைக் கோதண்டராயர் ஆண்ட காலத்தில், ஒருநாள் காலை நாகவடிவு தன் வீட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தவழ்கிற பிள்ளை தூளியில் தூங்கினான். அப்போது இரண்டு காவலர்கள் உள்ளே வந்தார்கள். வந்த வேகத்தில் உறியில் மடேரென்று முட்டிக்கொண்டு, மூலையில் இருந்த பழைய பானைக்குள் கையை விட்டு, தேங்காய்ச் சிரட்டைகளுக்கு அடியிலிருந்து ராஜாவின் தலைப்பாகைப் பதக்கத்தை எடுத்தார்கள்.

நாலு நாளாக அரண்மனையே தேடிய பதக்கம்.

அவள் புருஷன் ஆண்டியப்பன் ராஜாவுக்குத் தினமும் தலைப்பாகை கட்டிவிடுகிறவன். கட்டும்போது அவன் வாய் ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் இருக்குமல்லவா? பிரதானி பூதலிங்கருக்கு அதுதான் பொறுக்கவில்லை. 'என்னைப் பற்றி என்ன ஓதுகிறானோ' என்று வயிறெரிந்துகொண்டே இருந்தார்.

ராஜாவோ காலையில் கொடுத்ததை மத்தியானம் பிடுங்குகிற ஆள். பதக்கத்தைப் பார்த்ததும், "பொழுது சாய்வதற்குள் ஆண்டியப்பனின் வலது கையை வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் நாகவடிவு வாய் திறந்ததே கிடையாது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, தலையில் ஒட்டிய உமியைக்கூடத் தட்டாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குப் போய்விட்டாள்.

"உன் புருஷன் எடுக்கவில்லை என்கிறாயா? சாட்சி யார்?" என்றார் ராஜா.

"வீட்டுச் சாமான்தான் சாட்சி ராசா. ஒரு தடவ வந்து பாக்கணும்."

பூதலிங்கர் சிரித்தார். "சட்டி பானை சாட்சி சொல்லுமாம் பிரபு. அகப்பை வந்து சத்தியம் பண்ணுமோ என்னவோ."

"நீர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீரா?"

"அந்தத் தெருப் பக்கம்கூடத் தலைவைத்துப் படுத்ததில்லை பிரபு. ஒற்றன் சொன்னான், காவலரை அனுப்பினேன்."

நாகவடிவு குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அப்படின்னா ஐயாவே ராசாவுக்கு முன்னால நடந்து கூட்டிட்டு வரட்டும்."

ராஜாவுக்கு இது புதுசாக இருந்தது. உடனே எழுந்துவிட்டார். கை கட்டப்பட்ட ஆண்டியப்பனையும் கூட இழுத்துக்கொண்டு எல்லோரும் புறப்பட்டார்கள்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் ராஜாவுக்கு முதுகைக் காட்டக்கூடாது. முகத்தை ராஜா பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். பூதலிங்கரும் அப்படியே வீட்டுக்குள் நுழைந்தார்.

வாசல்படி தாண்டியதும் ராஜாவின் தலையில் மோர்ப்பானை இடித்தது. மோர் தாடியில் வழிந்தது. நடையில் எண்ணெய்க் கலயம் இடித்தது. உள்ளறையில் புளிப்பானை இடித்தது.

"இது வீடா, கிட்டி போட்டு வதைக்கிற இடமா? ஏனம்மா எல்லாவற்றையும் தலைக்கு நேராகத் தொங்கவிட்டிருக்கிறாய்?"

"தவழுற பிள்ளை இருக்கான் ராசா. தரையில எதை வச்சாலும் கொட்டிருவான். அவனுக்குன்னு விட்டது அந்த ஒரு பானைதான்."

பிள்ளையை இறக்கிவிட்டாள். அவன் விறுவிறுவென்று மூலைக்குப் போய்ப் பானையைக் கவிழ்த்து, சிரட்டைகளை அறை முழுக்க உருட்டிவிட்டான். ஒவ்வொரு சிரட்டையிலும் பால்பல் கடித்த தடம் இருந்தது.

"ஒரு நாளைக்குப் பத்து தடவ இதே வேலைதான். பதக்கத்துல ஒரு பல்லுத்தடம் இருக்கா, பாருங்க. இந்த வீட்டு ஆளு யாரும் அதுல எதையும் ஒளிக்க மாட்டாங்க. காலையில பிள்ளையோட நான் தண்ணிக்குப் போன நேரத்துல, விவரம் தெரியாத யாரோ வச்சுட்டுப் போயிருக்காங்க."

"யாரோ என்றால்?"

"ராசாவுக்கு மூணு இடி விழுந்துச்சு. காலையில வந்த காவக்காரங்களுக்கும் நெத்தி வீங்கிக் கிடக்கு. ஐயா பின்பக்கமா நடந்து வந்தாரு. மூணு இடத்துலயும் சரியாக் குனிஞ்சாரு. முதுகுல கண்ணு இருக்கோ என்னமோ, எனக்குத் தெரியாது."

ராஜா தன் தலையைத் தடவிக்கொண்டே பூதலிங்கரைப் பார்த்தார்.

"ஆண்டியப்பனை அவிழ்த்துவிடுங்கள். ஆண்டியப்பா, நீ பிரதானியின் தலைப்பாகையை அவிழ்."

"பிரபு, சபைக்குப் பெரியவன் நான்..."

"அவிழ்."

அவிழ்த்தான். வழுக்கைத் தலையில், எலுமிச்சம்பழம் மாதிரி மூன்று வீக்கம்.

"காலையில் நல்ல சாகுபடி ஆகியிருக்கிறது பூதலிங்கரே" என்றார் ராஜா. "இன்று முதல் உமக்குத் தலைப்பாகை கிடையாது. இந்தத் தலையோடு ஊரைச் சுற்றி, நீர் செய்தது என்ன என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டுச் சீமையை விட்டுப் போம்."

அப்புறம் நாகவடிவிடம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா. வீடா, நிலமா?"

முதன்முதலாக அவள் ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதெல்லாம் வேண்டாம் ராசா. இனிமே ஒருத்தரோட கைய வெட்டச் சொல்றதுக்கு முன்னால, நீங்களே அவங்க வீட்டுக்குள்ள போயி, குனிஞ்சு உக்காந்து, அங்க என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஒரு தடவ உங்க கண்ணால..."

"வடிவு, பிள்ளை அடுப்பங்கரைக்குப் போயிட்டான், ஓடியா" என்று ஆண்டியப்பன் கத்தினான்.