நாப்பது லிட்டர் மாப்பிள்ளை

இதைப் படிக்கும்போது வாயில் காப்பி வைத்துக்கொள்ள வேண்டாம். போன தடவை சொன்னபோது ஒருத்தருக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. பழி கதை சொன்னவன் தலையில் விழுந்தது.

நொய்யல் ஓரத்தில் வெங்கச்சிபாளையம் என்று ஓர் ஊர். அங்கே நாச்சிமுத்து என்று ஒரு மாப்பிள்ளை. சரியாகச் சொன்னால் இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை. ஆவதற்கு ஒரே ஒரு எஞ்சின் ஆயில் குறுக்கே நின்றது.

பெண் பெயர் மரகதம். மரகதத்துக்கு ஓர் அண்ணன், செவந்தியப்பன். அண்ணனுக்கு ஒரு சிவப்புக் கார். ஊரில் மற்ற கார்கள் இருமிக்கொண்டு போகும், இது உறுமிக்கொண்டு போகும். காலையில் கிளப்பினால் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடும்.

அந்தக் காரின் சாவியை நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, செவந்தியப்பன் தானும் கார் மாதிரியே உறுமினார்.

"இத பாருங்க தம்பி. இது சூப்பர்சார்ஜர் வெச்ச வண்டி. எஞ்சினுக்குள்ளார காத்த அமுக்கி அமுக்கித் திணிக்கும். அந்தச் சூட்டுக்குக் கண்ட எண்ணெய ஊத்துனா பொசுங்கிப் போயிரும். நான் திருச்செந்தூர் போயிட்டு வெள்ளிக்கெழம சாயங்காலம் வாரேன். சரியான ஆயிலாப் பாத்து ஊத்தி வெச்சீங்கன்னா மரகதம் உங்களுக்கு. தப்பா ஊத்துனீங்கன்னா, பல்லடத்து மாப்ள ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

நாச்சிமுத்து, "சரீங்" என்றான். அதற்கு மேல் பேச அவனுக்கு வழியில்லை. 'அண்ணா' என்று கூப்பிட்டால் மரகதம் தங்கச்சி ஆகிவிடுவாள். 'மச்சான்' என்று கூப்பிட்டால் அவசரப்படுகிறான் என்பார்கள். ஆகவே பெண் கேட்ட நாளிலிருந்து அவரை "சரீங்", "ஆமாங்" என்றே கூப்பிட்டு வந்தான்.

அவர் போனதும் நாச்சிமுத்து கார்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். பல்லடத்துக்காரனுக்கு மீசை உண்டு. இவன் மூக்குக்குக் கீழே இருந்தது மீசையைப் பற்றிய ஒரு சந்தேகம் மட்டுமே.

உடனே கூட்டாளிகள் இருவரையும் கூப்பிட்டான். ஒருத்தன் திருமூர்த்தி. இங்கிலீஷில் திரும்பத் திரும்ப ஃபெயிலானதால், ஊரிலேயே அதிக வருஷம் இங்கிலீஷ் படித்தவன் அவன்தான். இன்னொருத்தர் பொங்கியண்ணன், மூத்தவர். கண்ணை மூடித் தலையாட்டினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். ஆட்டாவிட்டால் தூங்குகிறார்.

திருமூர்த்தி காரைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். "சார்ஜர்ங்கறாங்க, வயரவே காணமே?"

"காத்துல ஏறுற சார்ஜுடா" என்றார் பொங்கியண்ணன், கண்ணை மூடிக்கொண்டு. "அதான் சூப்பரு."

இவ்வளவு தெளிந்த பிறகு மூவரும் தாவூது மேஸ்திரியின் கார்ப் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனார்கள். மேஸ்திரி திண்டுக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, வாய் நிறைய வெற்றிலையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நாச்சிமுத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. மேஸ்திரி முகவாயை வானத்துக்குத் தூக்கி, சாறு சிந்தாமல், படிக்கட்டில் தொங்கியபடியே வைத்தியம் சொன்னார்.

"அஞ்ஞு டபிள்யூ நாப்பது! குளிருக்கு அஞ்ஞு, ஷூட்டுக்கு நாப்பது! ஃபுல் ஷிந்தட்டி..ம்.. ஊத்து! எஞ்ஞின நல்லா ஆற வுட்டு ஊத்தோணும்!"

பஸ் போய்விட்டது. அவர் சொன்ன 'அஞ்சு டபிள்யூ நாப்பது' எண்ணெயின் பதம்; டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். ஊத்தச் சொன்னது 'ஃபுல் சிந்தட்டிக்'. எண்ணெயில் அது உசத்தி ரகம், டப்பாவிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் அது வெற்றிலையைத் தாண்டி வந்த வார்த்தை. வெளியே வந்தபோது அதற்கு வேறு உருவம்.

காருக்குள் உட்கார்ந்து மூவரும் ஆலோசித்தார்கள்.

"டபிள்யூ-ன்னா என்னடா?" என்றான் நாச்சிமுத்து.

"டபுள் யூ. ரெண்டு யூ-டர்ன்" என்றான் திருமூர்த்தி, கேள்வி முடிவதற்குள்.

"ரெண்டு அடிச்சா மறுக்காவும் மொதல்ல பாத்த பக்கமே பாத்து நிக்குமேடா?"

"அதுக்குத்தான் ரெண்டு. ஒண்ணோட நிறுத்துனா திரும்பிக்குமல்லோ!"

நாச்சிமுத்து விரலால் காற்றில் இரண்டு வட்டம் போட்டுப் பார்த்துத் தலையாட்டினான். பொங்கியண்ணன் அடுத்த கேள்விக்கு நகர்ந்தார்.

"குளிருக்கு அஞ்சு, சூட்டுக்கு நாப்பது. இது என்ன மாசம்?"

"சித்திரைங்ணா."

பொங்கியண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். காரின் தகரத்தில் பட்டதும் கையை உதறிக்கொண்டு உள்ளே இழுத்தார். "சுடுது. அப்ப நாப்பது லிட்டர்."

"ஏனுங்ணா, எஞ்சின் நாப்பது லிட்டர் புடிக்குமாங்?" என்று இழுத்தான் நாச்சிமுத்து. தப்பினால் போவது மரகதம் அல்லவா.

"புடிக்காது."

"அப்புறம்?"

"அதனாலதாண்டா மேஸ்திரி தெளிவாச் சொன்னாரு, 'ஃபுல்லா சிந்தட்டும், ஊத்து'ன்னு. அரைகொறைகதான் 'சிந்தாம ஊத்து'ங்கும். தொழில் தெரிஞ்சவன் சிந்தட்டும்ங்கறான் பாரு!"

மூவரும் தாவூது மேஸ்திரி போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள்.

எண்ணெய்க்கடைக்காரர் டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "எத்தன வண்டிக்குங்க?"

"ஒண்ணுக்குத்தானுங். கோடையில்லீங்களா?" என்றான் நாச்சிமுத்து.

கடைக்காரர் பில்லை எழுதினார். இப்படி ஒரு வாடிக்கையாளரை விளக்கம் சொல்லிக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

பாக்கி இருந்தது கடைசி வார்த்தை. "ஆற வுட்டு ஊத்தோணும்னாரே?" என்றான் நாச்சிமுத்து.

"ஆறுன்னா நொய்யலு" என்றான் திருமூர்த்தி. "ஆத்துல வுட்டு ஊத்தோணும்."

"சித்திரையில ஆத்துல தண்ணியே இல்லியேடா!"

"ஆத்துல வுடச் சொன்னாரா, தண்ணியில வுடச் சொன்னாரா?"

ஆகவே கார் வறண்ட ஆற்றுக்குள் இறங்கியது. நடு மணலில் சொன்னபடி இரண்டு யூ-டர்ன் அடித்து நின்றது. எல்லாம் முறைப்படி.

"பழைய எண்ணெய எடுக்க வேண்டாமுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"எதுக்கு? பழசு உள்ள இருந்தாத்தான் புதுசுக்கு எடம் காட்டும்" என்றார் பொங்கியண்ணன்.

பானெட்டைத் திறந்து ஊற்றினார்கள். முதல் டப்பா அமைதியாக உள்ளே போனது. இரண்டாவது போகும்போது எஞ்சின் 'களுக்' என்றது. மூன்றாவதில் வாய் வரை வந்து நின்றது. நான்காவதிலிருந்து சிந்தத் தொடங்கியது.

"சிந்துதுங்ணா!"

"சிந்தட்டும்!"

சிந்தியது. எஞ்சின் மேல் சிந்தியது, மணலில் சிந்தியது, பொங்கியண்ணன் வேட்டியில் சிந்தியது. எந்த டப்பாவிலாவது ஒரு சொட்டு மிஞ்சியிருக்கிறதா என்று திருமூர்த்தி ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தான். முழுதாகச் சிந்தாவிட்டால் மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வது?

பிறகு நாச்சிமுத்து சாவியைத் திருகினான். கார் உறுமவில்லை. இருமவில்லை. ஏப்பம் மட்டும் விட்டது.

தள்ளினார்கள். கார் அசையவில்லை, எண்ணெய் மணலில் இவர்கள்தான் வழுக்கிப் பின்னால் போனார்கள். வியாழக்கிழமை முழுக்கத் தள்ளி, ஆற்றின் மறுகரை வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவந்தியப்பன், விசாரித்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு ஆற்றுக்குள் இறங்கி வந்தார். பொரித்தெடுத்த பலகாரம் மாதிரிப் பளபளத்த காரைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார். அவர்களும் அப்படித்தான் பளபளத்தார்கள்.

நாச்சிமுத்துவின் கண் முன்னால் பல்லடத்து மீசை ஒரு தடவை முறுக்கிக்கொண்டது. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல், யூ-டர்ன் முதல் ஏப்பம் வரை சொல்லி முடித்தான்.

செவந்தியப்பன் முகம் சிவந்தது. "அடக் கூறுகெட்டவங்களா! டபிள்யூ-ன்னா யூ-டர்னா?"

"இல்லீங்களா?"

"வெஸ்ட்டுடா! W-ன்னா வெஸ்ட்டு! பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காத்து மேக்கால வருதல்லோ? சூப்பர்சார்ஜரு அந்தக் காத்தத்தான குடிக்குது? மேக்க பாத்து நிறுத்தித்தாண்டா ஆயில் ஊத்தோணும்! இது வண்டி வெச்சிருக்கற எல்லாத்துக்கும் தெரியுமே! நீங்க எந்தப் பக்கம் பாத்து நிறுத்தி ஊத்துனீங்க?"

யாருக்கும் ஞாபகம் இல்லை. நால்வரும் மெல்லத் திரும்பினார்கள். பானெட்டுக்கு நேர் எதிரே, கொஞ்சமும் பிசகாமல், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

செவந்தியப்பன் பானெட்டையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு தடவ திருப்பியும் தெச மாறாம நிறுத்தியிருக்கீங்க... மாப்ள!" என்று நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் எண்ணெய் ஆனது.

"மச்சான்!" என்றான் நாச்சிமுத்து. முதல் தடவையாக.

"வண்டிதான் கெளம்ப மாட்டேங்குதுங்க" என்றான் திருமூர்த்தி.

"நாப்பது லிட்டர் குடிச்சிருக்குது. சீரணம் ஆக வேண்டாமா?" என்றார் செவந்தியப்பன்.

தை மாசம் கல்யாணம். பந்தலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத பனி. மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெய் வைக்க, செவந்தியப்பன் அருகம்புல்லைக் கிண்ணத்தில் தோய்த்தார்.

"நில்லுங்க!" என்று கத்தினான் திருமூர்த்தி. "இது என்ன மாசம்?"

செவந்தியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தையி. குளிரு. அப்ப மாப்ளைக்கு அஞ்சு லிட்டரு!" என்று கிண்ணத்தைக் கீழே வைத்து, டின் கொண்டுவரச் சொன்னார்.

பொங்கியண்ணன் மட்டும் அவசரப்படவில்லை. மாப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணப் பதற்றத்தில் அது தகித்தது. கையை உதறினார். "சுடுதுப்பா. மொதல்ல ஆத்துல வுடோணும்."

மறுகணம் மாப்பிள்ளையை மணையோடு தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்கள். பின்னாலேயே எண்ணெய் டின் ஓடியது. "மேக்க பாத்து! மேக்க பாத்து!" என்று செவந்தியப்பனின் குரல் பனிக்குள் தேய்ந்து போயிற்று.

ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார். "முகூர்த்த நேரம் போறதே! மாப்பிள்ளை எப்போ வருவார்?"

மரகதம் தலை நிமிராமல், வெட்கத்தோடு சொன்னாள்.

"வந்துருவாருங் சாமி. ரெண்டு யூ-டர்ன் அடிக்கோணுமல்லோ."