கிண்ணச்செடிக்கு ஒரு விருந்தாளி

ஒரு மழைக்காட்டில், உயரமான கிளையொன்றின் மேல் ஒரு கிண்ணச்செடி குடியிருந்தது. அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. இலைகளின் நடுவே மழைத்தண்ணீரைத் தேக்கி, அதில் நத்தை, ஊசித்தட்டான் குஞ்சு, புழுக்கள் என்று ஒரு கூட்டத்தையே வளர்த்து வந்தது.

ஒருநாள் காலையில் மரம் படபடத்தது. “சேதி தெரியுமாடி? காடு நல்லா இருக்கான்னு பார்க்க ஆள் வருதாம். இல்லைன்னு எழுதிட்டா அடுத்து ரம்பம்தான்.”

செடிக்கு வேர்வரை குளிர்ந்தது. தன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தது. மக்கின சருகு, நெளிகிற புழு. யார்தான் முகம் சுளிக்க மாட்டார்கள்?

“கண்ணுகளா, ஆள் வந்து போறவரைக்கும் அடி இடுக்குல ஒளிஞ்சுக்குங்க.”

“நேத்துவரைக்கும் தங்கம், வைரம். இன்னிக்கு அழுக்காயிட்டோமா, வீட்டுக்காரம்மா?” என்றது தட்டான் குஞ்சு.

இருப்பதிலேயே சின்னது வால்புழு. “நான் வாலை மேலே நீட்டித்தானே மூச்சு விடணும்?” என்றது.

“கொஞ்ச நேரம் அடக்கிக்கோடா.”

எல்லாம் இறங்கி ஒளிந்தன. தண்ணீர் தெளிந்தது.

கயிற்றைப் பிடித்து ஏறிவந்தாள் ஒரு பெண். லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தாள். கீழே கயிறு பிடித்து நின்றவரிடம், “தண்ணி பளிங்கு மாதிரி இருக்குண்ணே. ஒண்ணுமே இல்ல” என்றாள். பேனாவைத் திறந்தாள்.

“கேட்டீங்களாண்ணா, பளிங்காம்!” மரத்திடம் பூரித்தது செடி.

அப்போதுதான் இலையிடுக்கில் ஏதோ உதறியது. வால்புழு. முதலில் பலமாக, பிறகு மெதுவாக. அதன்பிறகு உதறல் நின்றேபோனது.

செடிக்குத் தாங்கவில்லை. “மானம் போனா போகுது, காடே போனாலும் போகுது. மேலே வாடா!” என்று இடுக்கை அகல விரித்தது.

நத்தை கீழிருந்து முட்டித் தள்ள, தண்ணீருக்கு மேலே ஒரு வால்நுனி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும். செடி வெட்கத்தில் கூனிப்போனது.

“அண்ணே!” அந்தப் பெண் கத்தினாள். “இருக்குண்ணே, எல்லாமே இருக்கு! இதுக வாழாத காடு செத்த காடு. அப்படித்தான் எழுதப் போனேன்!”

மரம் கிளையைத் தாழ்த்தியது. “என்னடி சொல்றா? நம்மளப் பத்தியா?”

“சும்மா இருங்கண்ணா, அப்புறம் கேட்டுக்கலாம்” என்றது செடி. “பிள்ளைக்கு இப்பத்தான் மூச்சு வந்திருக்கு.”